உதை வாங்கியவளைக் கேட்காத டாக்டர்

டாக்டரே, என் வீட்டுக்காரரை லாரியை விட்டு இறக்கியது நீங்கள்தான்.

இந்த 1962-இன் தொடக்கத்தில் அவர் கவுஞ்சி மலைக்கிராமத்து உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் மலையிறக்கிக்கொண்டிருந்தார். தூங்கினால் இரண்டு கால்களும் விடியும்வரை வெட்டி வெட்டி இழுக்கும். அவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்து உதை வாங்கிய எனக்குத்தான் தெரியும். சாக்குத் துணியால் காலைக் கட்டிக்கூடப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் எங்கள் நாயுடுபுரத்திலிருந்து அவரோடு நடந்து வந்து, ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்து உங்கள் முன்னால் நின்றேன்.

"பேஷன்ட் யாரு, நீயா? வெளிய நில்லும்மா" என்றீர்கள். அவரிடம், "தூக்கம் வருதா?" என்று கேட்டீர்கள்.

"படுத்தா வந்துருதுங்க. எந்திரிச்சாத்தான் ஒடம்பு அடிச்சுப் போட்டாப்ல கெடக்கு."

தூக்க மாத்திரை எழுதினீர்கள். கால் உதைப்பது நிற்கவில்லை. மறுபடி வந்தோம், ஒன்றை இரண்டாக்கினீர்கள்.

"காலு நிக்க வேற மருந்து இல்லீங்களா?" என்று வாசலிலிருந்து கத்தினேன்.

"நான் டாக்டரா, நீ டாக்டராம்மா?" என்றீர்கள். வரிசையே சிரித்தது.

இரண்டு மாத்திரை போட ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை, மலை வளைவில் அவர் கண் செருகியது. லாரி கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. உயிர் தப்பியது, வேலை போனது. கால் இன்றும் உதைக்கிறது. அவர் படுக்கவே பயப்படுகிறார்.

அதே வரிசைக்கு முன்னால், எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள்: உதை வாங்கியவளை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?