தண்ணீருக்குள் வறட்சி

"கொழுந்தனாரே, வறட்சியப் பாக்க ஆபீசர் வாராராம். நீங்க கூட நின்னா ஒழுங்கா எழுதுவாவ" — போன மாதம் ஒரு காலையில் செல்லத்தாய் மதினியிடமிருந்து போன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வறட்சியா? மூன்று நாள் அடித்த மழையில் சங்கரன்கோவிலில் என் வீட்டு வாசலிலேயே கணுக்கால் தண்ணீர்!

மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் இறந்தபிறகு, பனவடலிசத்திரம் பக்கத்தில் மழையை நம்பிய மூன்று ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். புரட்டாசியில் உளுந்து விதைத்தார். ஐப்பசி முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை... செடி கருகியது. நிவாரணம் கேட்டு மனு கொடுத்தார். யாரும் வரவில்லை. கார்த்திகையில் லேசாக ஒரு மழை. நிலம் சும்மா கிடக்கிறதே என்று, வீட்டில் தோசைக்கு வைத்திருந்த உளுந்தை எடுத்து மறுபடி விதைத்தார். முளைத்து, நாலு இலை விட்டது. மார்கழியில் குளம் உடைந்து அத்தனையும் தண்ணீருக்குள்.

இப்போதுதான் வறட்சி ஆபீசர் வருகிறார். எவ்வளவு நிதானம் பாருங்கள்!

நானும் மதினியும் காத்திருக்க, ஜீப் வயலோரம் வந்து நின்றது. அதிகாரி இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"காய்ஞ்ச பயிர் எங்கம்மா?"

"மொத வெதச்சது காஞ்சது சார். ரெண்டாவது வெதச்சது இந்தா, தண்ணிக்கு அடியில கெடக்கு."

"தண்ணி நிக்கிற நிலத்துக்கு வறட்சின்னு எப்படி எழுத முடியும்?"

"அப்ப வெள்ளம்னு எழுதுங்க."

"பயிர் காய்ஞ்சு போச்சுன்னு நீங்களே மனு கொடுத்திருக்கீங்களே... காய்ஞ்ச பயிர் எப்படிம்மா வெள்ளத்துல அழுகும்?"

என்ன ஒரு மூளை! ஒரே நிலத்தில் இரண்டு முறை நஷ்டப்பட்டவருக்கு ஒரு நஷ்டம்கூட இல்லை என்று அரை நிமிடத்தில் நிரூபித்துவிட்டார்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னார். டிரைவர் வண்டியைத் திருப்பினார். கரிசல் மண் அல்லவா... பின்சக்கரம் இரண்டும் பாதிவரை உள்ளே போய்விட்டன. அதிகாரி இறங்கினார். ஷூவும் உள்ளே போனது.

"ஆளுங்களைக் கூப்பிட்டுக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்கம்மா."

மதினி அசையவில்லை.

"வறண்ட நெலம்னுதான சார் பேப்பர்ல இருக்கு? வறண்ட நெலத்துல வண்டி எப்படிப் பதியும்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வயலோரத்துப் பனை மரத்தைப் பார்த்தேன்.

"கண்ணால பாத்தத எழுதுங்க சார். டிராக்டருக்கு நான் சொல்லுதேன்."

பானெட் மேல் படிவத்தை விரித்து, தூறலில் நின்றபடியே எழுதினார்: மறுவிதைப்பு, வெள்ளத்தில் முழுச் சேதம். கையெழுத்தும் போட்டார். டிராக்டர் வந்து ஜீப்பை இழுத்தது. மதினி அவர் கால் கழுவ ஒரு குடம் தண்ணீரும் கொடுத்தார். எனக்கென்றால் அந்தப் பெருந்தன்மை வந்திருக்காது.

கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தத் திங்கட்கிழமை, மனு என்ன ஆயிற்று என்று கேட்க நானும் மதினியும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். கிளார்க் ஃபைலைப் புரட்டினார்.

"அந்த ஃபாரம் மழையில நனைஞ்சு எழுத்தெல்லாம் கலைஞ்சு போச்சும்மா. ஒண்ணும் படிக்க முடியல."

சேற்றில் நிமிர்ந்து நின்ற மதினி, அங்கே பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மட்டம் வெதச்சேன். ரெண்டு மட்டம் எழுதியாச்சு. இன்னும் எத்தன மட்டந்தான் சார் காட்டுவேன்?" என்றார்.

கிளார்க் டிராயரைத் திறந்து, மொடமொடவென்று ஒரு புதுப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

இந்த வெள்ளத்தில் பாதிக்கப்பட்டு, உடனடி நிவாரணம் பெற்றது... எனக்குத் தெரிந்து அந்த நனைந்த படிவம் ஒன்றுதான்!