அக்காவுக்கு ஹாக்கி பிடிக்குமா?

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகப்போகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே குழப்பம் வந்துவிடுகிறது. தம்பி என்ற உரிமையில் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் பிறந்த அக்கா வளர்ந்ததெல்லாம் திருவண்ணாமலையில்தான். அப்பா கபடி வீரர், சித்தப்பா கைப்பந்து, நான் ஹாக்கி கோல்கீப்பர். எங்கள் வீட்டில் பெண் கேட்டு வருபவரும் நாலு சுற்று ஓடிக் காட்ட வேண்டும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். விடிவதற்குள் அப்பா எங்களைக் கிரிவலப் பாதையில் ஓடவிடுவார். பௌர்ணமிக் கூட்டத்திலும் விடுமுறை கிடையாது. பள்ளியில் ஹாக்கி அணி இருந்ததால் அக்கா கையில் மட்டையைக் கொடுத்தவரும் அவர்தான்.

கூழைக் குடித்துவிட்டு, வீங்கிய முழங்காலோடு ஆடி, அக்கா இந்திய அணியின் முன்கள வீராங்கனையானார். வெளிநாடுகளில் கோல் அடித்தார். அரசு வேலையும் கிடைத்தது. ஊர் திரும்பினால் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பார். தன்னடக்கம் என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

காரியத்தன்று அக்காவுக்குப் பிடித்த போளியும் பலாச்சுளையும் படைத்து, நடுவில் அவரது மட்டையை வைத்தேன். அக்காவின் கணவரான எங்கள் மாமா அருகில் வந்தார்.

“அத எடுத்துடு மச்சான். அவளுக்கு அந்த ஆட்டமே புடிக்காது. கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டா.”

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யாரும் கேக்கலனு சொன்னா.”

உண்மைதான். அடிபட்டால் எங்கே அடி என்று கேட்போம். தோற்றால் எப்படித் தோற்றாய் என்று கேட்போம். பிடிக்கிறதா என்று கேட்கும் வழக்கமே எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் கோல் அடித்துவிட்டுக் குதித்துச் சிரித்த அக்காவையும் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேனே. கடைசி நாட்களில் மருத்துவமனை டிவியில் ஹாக்கி ஓடியது. மாற்றச் சொல்லவும் இல்லை, பார்க்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டார். அப்பாவும் இன்று இல்லை. யாரைக் கேட்பது?

நோயில் கிடந்த அக்காவை இரவு பகலாகக் கவனித்த செவிலியர்களுக்கும், சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அவரோடு ஆடிய தோழியருக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. எனக்கு இந்த ஆட்டம் பிடித்திருக்கிறது என்று அக்கா ஒருமுறையாவது சொல்லி நீங்கள் கேட்டிருந்தால், ஓராண்டுப் படையலுக்கு முன் என்னிடம் சொல்லுங்கள். மட்டையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பேன்.