கடைசியில் ஏறுகிறவள்

தேவிகாவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்குப் பிறகு. டிவியில் அவள் ஓடியதைப் பார்த்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னை வழிமறித்து, "இன்னா வாணி, உன் ஃப்ரெண்டு ஏன் அப்டி பண்ணா?" என்று கேட்கிறார்கள். அவளிடம் கேட்க யாருக்கும் வாய் வராது. என்னிடம் மட்டும் வந்துவிடுகிறார்கள்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே லைன். நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவள் அப்பா சம்பங்கி மாமா இருமினால் இந்தப் பக்கம் என் அம்மா வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடுவாள். மைன்ஸில் பாறை உடைத்தவர் அவர். மைன்ஸை மூடி இத்தனை வருஷம் ஆகியும் நெஞ்சுக்குள் போன தூசி வெளியே வரவில்லை. தேவிகாவுக்கு அம்மா இல்லை, அவர் ஒருத்தர்தான்.

பள்ளிக்கூடம் படிக்கும்போது நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் விடியற்காலையில் ஓடப் போவோம். கிரவுண்டு என்று தனியாக எதுவும் கிடையாது. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டைச் சுற்றி ஒரு மண்பாதை, அதுதான் எங்களுக்கு. காற்றடித்தால் மாவு மாதிரி மண் பறந்து வாயில் ஒட்டும். நாய்த் தொல்லை வேறு. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். யாருக்கு நல்ல கால் இருக்கிறதோ அவள் கடைசியில் ஓட வேண்டும். நாங்கள் கண்டுபிடித்த சட்டம் இல்லை அது. எங்கள் அப்பாக்கள் ஷிஃப்ட் முடிந்து மேலே வரும்போது அப்படித்தான் வந்தார்களாம். கூட்டத்தில் பலமான ஆள் எல்லோரையும் மேலே இழுக்கும் கூண்டான கேஜில் ஏற்றிவிட்டுக் கடைசியாகத்தான் ஏறுவான். கீழே எவனாவது மயங்கிக் கிடந்தால் தூக்கிக்கொண்டு வர ஒருவன் வேண்டுமே.

எங்கள் கூட்டத்தில் நல்ல கால் தேவிகாவுக்கு. நோஞ்சான் நான். ஆகவே எப்போதும் எல்லோருக்கும் பின்னால் நான், எனக்கும் பின்னால் அவள். "நடக்காதடி வாணி, நான் கீறேன் இல்ல," என்று முதுகுப் பக்கம் குரல் வந்துகொண்டே இருக்கும். மேட்டின் கடைசி வளைவு திரும்பி ரயில் ஸ்டேஷன் கண்ணில் பட்டதும் சட்டம் முடிந்துவிடும். அப்போது கிளம்புவாள் பாருங்கள்! நாங்கள் போய்ச் சேரும்போது கல்லின்மேல் உட்கார்ந்து ஜடை பின்னிக்கொண்டிருப்பாள்.

மாவட்டம், மாநிலம், தேசியம் எல்லாவற்றையும் இதே ஓட்டத்தில்தான் ஜெயித்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் அவளுடைய தூரம். கடைசியிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் எல்லோரையும் தாண்டுவாள். பயிற்சி கேம்ப்பில் கோச் திட்டினாராம், நடுவில் ஓடிப் பழகு என்று. ஜெயிக்கிறவளை எவ்வளவுதான் திட்டுவது? விட்டுவிட்டார்.

பிறகு ஆசிய அளவில் ஒரு பெரிய போட்டிக்குத் தேர்வானாள். ஆண்டர்சன்பேட்டையில் பேனர் கட்டினார்கள். அவளுக்கு அந்தப் பேனரெல்லாம் பெரிதில்லை. ஃபைனலில் ஓடினாலே போதும், அரசாங்க வேலை நிச்சயம் என்று ஓர் அதிகாரி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இந்தத் தூசியிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். கிளம்புகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா இங்கயே கெடந்தாருன்னா இன்னொரு வெயில் காலம் தாங்க மாட்டாருடி," என்றாள். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஃபைனலுக்கு முந்தைய தகுதிச் சுற்றான ஹீட் நடந்தது ஒரு மத்தியானத்தில். சம்பங்கி மாமா வீட்டில் லைனே கூடியிருந்தது. ஹீட்டில் முதல் ஆறு பேருக்கு ஃபைனல். துப்பாக்கி வெடித்தது, தேவிகா வழக்கம்போல் கடைசிக்குப் போனாள். எங்களுக்குக் கவலையே இல்லை. "இருங்க, மணி அடிக்கட்டும்," என்று அம்மா எல்லோரையும் அமர்த்தினாள்.

மூன்றாவது சுற்றில்தான் வினை வந்தது. தேவிகாவுக்கு நேர் முன்னால் ஓடிய பச்சைச் சட்டைப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. தோள் தொங்கிவிட்டது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மற்றவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், இடைவெளி விழுந்தது. அந்த இடத்தில் ஒதுங்கித் தாண்டிப் போக வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவள் போகவில்லை. தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அந்த முதுகுக்குப் பின்னாலேயே ஓடினாள். "ஐயோ, தாண்டுடி! சனியனே, தாண்டுடி!" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

மணி அடித்தது. அப்போதுதான் கிளம்பினாள். அம்மாடி, என்ன ஓட்டம் அது! முன்னால் போனவர்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்துத் தாண்டினாள். ஆனால் ஏழாவதாகத்தான் வந்தாள். ஆறாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு கை நீட்டுகிற தூரம்தான்.

சம்பங்கி மாமா இருமி முடித்துவிட்டு, "புள்ள சரியாத்தான் ஓடுச்சி. முடியாம போறவள உட்டுட்டு வரல," என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்க கேஜு நின்னுபோயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சி மாமா! இப்ப உங்கள யாரு தூக்கினு போகப்போறாங்க?" என்று கத்திவிட்டேன். அம்மா என்னை வெளியே இழுத்து வந்தாள்.

திரும்பி வந்தவளை அழைக்க ஸ்டேஷனுக்கு நான் ஒருத்திதான் போனேன். பேனரை அதற்குள் யாரோ கழற்றிக் கோழிக்கூண்டுக்கு மேல் போர்த்தியிருந்தார்கள். "ஏண்டி அப்டி பண்ண?" என்றேன். பையைத் தோள் மாற்றிக்கொண்டு பாதி வழி நடந்த பிறகுதான் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு முதுகு உன் முதுகு மாதிரியே இருந்திச்சி வாணி. நான் தாண்டிட்டா அவளுக்குப் பின்னால யாரும் இல்லியேன்னு தோணுச்சி. மணி அடிக்கற வரைக்கும் கால் வரல."

அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன்.

அதிகாரி அதன் பிறகு ஃபோனை எடுக்கவே இல்லை. கேம்ப்பில் அவள் இடம் வேறொருத்திக்குப் போயிற்று. வெயில் காலம் வந்தது. அவள் பயந்தபடியே சம்பங்கி மாமா போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் அவள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தாள். காரியம் முடிந்ததும் பெங்களூரில் ஒரு மால் வாசலில் பைகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தாள். நான் கார்மெண்ட்ஸ் கம்பெனி வேலைக்குப் போகிற அதே விடியற்காலை ரயில்.

அங்கேயும் அவள் திருந்தவில்லை. பெண்கள் பெட்டி வாசலில் நின்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டுக் கடைசியாகத்தான் ஏறுவாள். உட்கார இடம் எங்கே கிடைக்கும்? பெங்களூர் வரைக்கும் கதவோரம் நின்றுகொண்டே வருவாள். "உனக்கெல்லாம் எவ்ளோ பட்டாலும் புத்தியே வராதாடி?" என்று திட்டுவேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, சரி, பிள்ளை தேறிவிடுவாள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒருநாள் தூறிக்கொண்டிருந்தது. ஸ்கெலட்டன் என்கிற பகுதியிலிருந்து வரும் கொய்யாப்பழக்காரி பார்வதம்மா தாமதமாக வந்தாள். தேவிகா அவளை உள்ளே தள்ளி ஏற்றினாள், பிறகு கூடையைத் தூக்கிக் கொடுத்தாள். அதற்குள் ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை வெளியே நீட்டினேன். "ஓடியாடி! தேவிகா, ஓடியா!" பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கத்தினார்கள்.

எல்லோரையும் ஏற்றியாயிற்று, மணி அடித்த மாதிரிதான்; ஆனாலும் அவள் ஓடவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். கோபம், வருத்தம், எதுவுமே அந்த முகத்தில் இல்லை. ஒரு காலைக்கூட எடுத்து வைக்கவில்லை.

ரயில் இன்னும் வேகம் பிடித்திருக்கவில்லை. நான்கூட ஓடிப்போய் ஏறியிருப்பேன்.