நாளைக்குத் தண்ணீர் வராது

வண்டி நிற்கும்போது அருமையாகக் கேட்கிற ஸ்பீக்கர், வண்டி ஓடும்போது எதற்கும் உதவாது. இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு தேர்தல் தேவைப்பட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், கனரக இயந்திரத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவிலிருந்து நான் ஓய்வுபெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. அதைப் படித்துவிட்டு என் மனைவி, "நான் நிக்கிறேங்க" என்றாள்.

"நாற்காலிதான் இருக்குதே, உக்காந்து படியேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் தேர்தல் என்று புரிந்தது.

அவள் எங்கள் முன்னறையில் இருபது வருஷமாகத் தையல் சொல்லிக்கொடுத்து வந்தாள்; ஊருக்கு அவள் 'டீச்சர்'. ஆண்டர்சன்பேட்டைப் பக்கத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் அத்தனையும் ஜாக்கெட் அளவோடு அவளுக்குத் தெரியும். படிக்க வரும் பெண்களில் பாதிப் பேர் தாமதமாகத்தான் வருவார்கள். காரணம் எப்போதும் குழாயடி.

"காஜா எடுக்கக் கத்துக்கற நேரத்துல குடத்த வெச்சிகினு வரிசையில நிக்குதுங்க. தண்ணி எப்போ வரும்னு நான் முனிசிபாலிட்டி உள்ள போய்க் கேக்கணும். ஒரே ஒரு தடவ" என்றாள். அதற்குமுன் அவள் எதையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. நானும் அதற்குமுன் இவ்வளவு வேலையில்லாமல் இருந்ததில்லை.

வேட்புமனுவை மூன்று பிரதிகள் தயாரித்தேன். ஒன்று போதும் என்றார்கள். மற்ற இரண்டும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சுயேச்சைக்கான சின்னங்களில் அவளுக்குத் தையல் மெஷின் கிடைத்தது.

எதிர்த்து நின்ற அம்மாளின் கணவர் லாரிகள் வைத்திருந்தவர். ஊரில் மைக் கட்டிய ஆட்டோக்களை எல்லாம் அவர் முதல் நாளே பிடித்துவிட்டார். ஆனால் லைன் வீடுகளின் சந்துகளில் ஆட்டோ நுழைந்தால் திரும்ப முடியாது. என் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் நுழையும், திரும்பும். ஆகவே ஸ்பீக்கரை அதில் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

ஒலிபெருக்கி அனுமதி விண்ணப்பத்தில் கார், ஜீப், ஆட்டோ என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. "சார், பைக்குக்குக் கட்டமே இல்லியே" என்றார் எழுத்தர். ஆட்டோவுக்கு எதிரே டிக் போட்டு, 'ஒரு சக்கரம் குறைவு' என்று குறிப்பெழுதி, ஓர் இணைப்புக் கடிதமும் வைத்தேன். அரை மணி நேரத்தில் கையெழுத்தாகிவிட்டது. ஒழுங்காக மடித்த காகிதத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் மைக் செட் கடைக்காரர் முதலில் காட்டியது கறுப்புத் துணி போர்த்திய இரண்டு பெட்டிகள். பாட்டுப் போட்டார். கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"பாருங்க சார், நெஞ்சுல வந்து இடிக்குதா?"

இடித்தது. ஆனாலும் நான் சோதனை இல்லாமல் எதையும் ஏற்றவனில்லை. வேகம், தூரம், காற்றின் திசை என்று கட்டம் போட்டு ஒரு தாள் தயாரித்தேன். கேட்டுச் சொல்வதற்குப் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் நந்திதுர்க் பக்கம் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தவர். ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏற்றிப் பாதாளத்துக்கு இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கீழேயிருந்து வரும் மணிதான் அவருக்கு உத்தரவு. அந்த என்ஜின் இரைச்சலில் முப்பது வருஷம் மணி எண்ணிய காது அது.

பெட்டிகளைக் கட்டி, அவரைத் தெருமுனையில் நிறுத்தி, இருபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோனேன்.

"இன்னா கேட்டுது அண்ணே?"

"உங்க சைலன்சருக்கு ஜலதோஷம் புடிச்சா மாதிரி இருந்துது."

"வேறொண்ணும் கேக்கலியா?"

"கனத்த சத்தத்த எல்லாம் உங்க என்ஜினே போடுது சார். பொட்டியும் அதையே போட்டா எது யாருதுன்னு எப்டித் தெரியும்? எங்க மணி இன்னா அவ்ளோ பெரிசாவா அடிக்கும்? கிணுங்னு மெல்லிசா வரும். ஆனா இரைச்சலத் தாண்டி வந்துடும். அப்டி ஒண்ணு வாங்குங்க."

இரண்டாவதாகப் பெரிய குழாய் ஸ்பீக்கர் ஒன்றை ஹேண்டில்பாரில் முன்பக்கம் பார்த்துக் கட்டினோம். வண்டி வருவது நன்றாகக் கேட்டது. கடந்ததும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. பாதி வார்த்தை முன்னால் போய்விடுகிறது, மீதியைக் காற்று கொண்டுபோகிறது. தவிர, வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அது என் முழங்காலை இடித்தது. தாளில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினேன்.

கடைசியில் கடைக்காரர் தயங்கித் தயங்கி இரண்டு சின்ன அலுமினியக் குழாய்களை எடுத்தார். கடையில் கேட்டபோது தகர டப்பாவுக்குள் இருவர் சண்டை போடுவதுபோல் இருந்தது.

"பாட்டுக்கு இது ஆவாது சார்" என்று அவரே மன்னிப்புக் கேட்டார்.

ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும், வாசல்களைப் பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்துக் கட்டினோம். இருபதில் ஓட்டினேன், முப்பதில் ஓட்டினேன். தெருமுனையில் அண்ணன் கையைத் தூக்கினார். ஒவ்வொரு எழுத்தும் கேட்டதாம். ஏற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கெட்ட காலம் அந்தக் கையெழுத்தில் தொடங்கியது.

பேச வேண்டியதை நான்தான் எழுதினேன். என் மனைவியின் குரலை ஊருக்கே தெரியும் என்பதால் அவளே கேசட்டில் பேசினாள்.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! நாளைக்குத் தண்ணீர் வராது, நாளன்றைக்கும் வராது என்று கேட்டுக் கேட்டுச் சலித்த உங்கள் காதுகளுக்கு ஒரு நற்செய்தி! தையல் மெஷினுக்கு வாக்களியுங்கள். குழாய் தேடி நீங்கள் போக வேண்டாம், குழாய் உங்களைத் தேடி வரும்!"

"இன்னாத்துக்குங்க இவ்ளோ நீளம்? கொஞ்சம் வெட்டுங்க" என்றாள்.

"வெட்டினால் அணிநயம் கெட்டுவிடும்" என்றேன். நான் தமிழில் தங்கப்பதக்கம் வாங்கியவன்.

நடைமுறைத் தாளும் ஒன்று தயாரித்தேன். பேட்டரியும் அண்ணனும் பின்னால். ஒலியின் அளவு என் இடது கையில். அண்ணன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் ஒலியைக் கூட்டு; இரண்டு தட்டினால் குறை. அவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படித்தாரா என்று நான் சரிபார்க்கவில்லை. முப்பது வருஷ ஆய்வு வாழ்க்கையில் நான் விட்ட ஒரே படி அது.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். முதல் சந்திலேயே ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தி, "தையல் மெஷின்னு சொல்லிகினு போறீங்களே, பெல்ட் மாத்துவீங்களா?" என்று கேட்டாள். மாற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனோம். மூன்றாவது சந்தில் அண்ணன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஒலியைக் கூட்டினேன். மறுபடி தட்டினார், பலமாக. இன்னும் கூட்டினேன். நாலாவது தட்டில் எனக்கு மூச்சு நின்றது; வண்டியையும் நிறுத்தினேன்.

"இன்னா அண்ணே, இதுக்குமேல திருகக் குமிழ் இல்ல!"

"நிறுத்துனுதானே அடிச்சிகினு இருக்கறேன்! ஓடறப்போ ஒண்ணு அடிச்சா நிறுத்து. பூமிக்கடியில எல்லா சுரங்கத்துலயும் அதான். உங்க ஒரு பேப்பருக்கு நான் மாத்திக்கணுமா? திரும்பிப் பாருங்க மொதல்ல!"

திரும்பிப் பார்த்தேன். மூன்று சந்துகளிலும் பெண்கள் குடம், வாளி, அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் டப் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு எளிது. வண்டி கடக்கும் நேரத்தில் ஒரு வாசலுக்கு ஏழெட்டுச் சொற்கள்தான் கிடைக்கும். அதிலும் 'தண்ணீர்' என்று காதில் விழுந்ததும் அந்த லைன்களில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அணி எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. எதிரே ஓடிவந்த ஒரு கிழவர், "டீச்சரே சொல்றாங்கோ, ரெண்டு நாளைக்கி வராதாம்" என்று எனக்கே தகவல் சொன்னார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி வெட்டிக்கொண்டிருந்த துணியையும் கத்தரிக்கோலையும் கீழே வைத்தாள்.

"வாசலுக்கு வாசல் நடந்து கேட்ட ஓட்டு எல்லாம் போச்சு. பொய் சொல்லி அலைய வெச்சவள்னு பேராயிடும். நாளைக்கே மாத்திச் சொல்லுங்க" என்றாள்.

அன்று மாலையே மறுப்பு அறிவிப்பு எழுதினேன். 'தண்ணீர் வராது என்று நாங்கள் அறிவித்ததாகப் பரவும் செய்தி தவறானது' என்ற முதல் வரியை அண்ணன் படித்தார். படித்துவிட்டு, "இதுலயும் 'தண்ணீர் வராது'தான் சார் மொதல்ல கேக்கும்" என்றார். கிழித்தேன்.

வேறொரு மறுப்பு எழுதத் தேவை இல்லாமல் போயிற்று. மறுநாள் காலை குழாயில் காற்றுதான் வந்தது. பம்ப் மோட்டார் எரிந்துவிட்டதாம். நாளன்றைக்கும் வரவில்லை. எங்கள் வார்டில் எல்லாப் பாத்திரமும் நிறைந்திருந்தது. பக்கத்து வார்டு சொந்தக்காரர்கள் குடத்தோடு இங்கே வந்தார்கள்.

என் மனைவி கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தாள். வாழ்த்த வந்த பெண்களிடம் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இல்லம்மா, நான் அப்டிச் சொல்லவேயில்ல. முழுசாக் கேட்டிருந்தா தெரியும். வண்டி ஓடறதுல அப்டி விழுந்துடிச்சி" என்றாள்.

"அட போங்க டீச்சர்" என்றாள் பெல்ட் மாற்றக் கேட்ட அந்தப் பெண். "ஓட்டு கேட்டு வந்த எல்லாருமே தண்ணி வரும்னாங்க. வராதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். வண்டிக்கும் சேத்துதான் போட்டோம்."

அந்த ஐந்து வருஷமும் அவள் கூட்டத்தில் எழுந்து நின்று தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டாள். வந்த பதிலை அண்ணனும் நானும் சந்து சந்தாகச் சொல்லிக்கொண்டு போனோம். வாசகம் அண்ணனுடையது: மூன்று சொல். முதுகில் ஒன்று தட்டினால் நிறுத்து என்று நடைமுறைத் தாளிலும் திருத்தம் செய்தேன்.

ஒரே ஒரு சிக்கல் மட்டும் கடைசிவரை தீரவில்லை. 'நாளைக்குத் தண்ணீர் வரும்' என்று நாங்கள் சொல்லிக்கொண்டு போன நாட்களில் யாரும் அதை நம்பிக் குடத்தை எடுத்து வைக்கவில்லை. "இது டீச்சர் சொன்னதா, கவுன்சிலர் சொன்னதா?" என்று வாசலிலிருந்து கேட்டார்கள்.