மருந்து இருக்கிறதா?

ஆட்சி மாறிய அந்த மே மாதம், தஞ்சாவூரில் ஆலோசகர் அம்சத்தின் மேசைக்குத் தினமும் அறுபது பெயர்கள் வந்தன. முதல் அலையில் இருபதுதான். தொற்று வந்து வீட்டில் அடைபட்டவர்களோடு போனில் பேசி மனதைத் தேற்றுவது வேலை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவளை இதற்கு மாற்றியிருந்தார்கள். ஆளுக்கு ஆறு நிமிடம்.

கேள்விகள் அச்சடித்த தாளில் இருந்தன. தூக்கம் வருகிறதா? மருந்து கைவசம் உள்ளதா? ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும்.

இருபத்தெட்டாவது பெயர் பஞ்சநாதன். மயிலாடுதுறைப் பக்கம் பருத்தி போட்டிருப்பவர். மனைவி சௌந்தரநாயகியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று நாள். வாசலில் தகரம் அடித்த வீட்டுக்குள் அவர் மட்டும்.

“மருந்து இருக்குங்களாய்யா?”

“அதுக்கென்னம்மா குறைச்சல். எடுத்துப் பக்கத்துலயே வச்சிருக்கேன்.”

“நல்லதுங்கய்யா.” ஆம் என்று குறித்தாள்.

அடுத்தது நாகூர் லத்தீஃபா. “இந்த மனுசனோட பதினாலு நாளு ஒரே வூட்ல அடைச்சிட்டீங்களே, கொரோனாவே தேவலாம்” என்று சிரிக்கவைத்தவர், மருந்தைப் பற்றிக் கேட்டதும், “மாத்திரையையா கேக்குறீங்க? தீந்து போச்சும்மா” என்றார்.

அம்சத்தின் பேனா நின்றது.

அவள் ஊரில் மாத்திரைக்கு மாத்திரை என்றுதான் பெயர். மருந்து என்றால் வயலுக்கு அடிப்பது. மருந்து குடித்துவிட்டான் என்றால் அங்கே யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அவள் அப்பா கண்ணுசாமி முதுகில் டேங்கைச் சுமந்து அடுத்தவர் வயலில் மருந்தடித்தவர். குளிக்காமல் அவரைச் சோற்றுப் பானைப் பக்கம் அம்மா விட்டதில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் ‘நல்லதுங்கய்யா’ என்று சொல்லியிருக்கிறாள்.

லத்தீஃபாவிடம் பிறகு பேசுவதாகச் சொல்லிவிட்டுப் பஞ்சநாதனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் ஓய்ந்தது.

தாளில் பக்கத்து வீட்டு அய்யாவுவின் எண் இருந்தது.

“அது கொரோனா வீடும்மா. நான் புள்ளகுட்டிக்காரன்.”

“உள்ள போக வேணாங்க. சன்னல்கிட்ட நின்னு கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, கட் பண்ணிடாதீங்க.”

செருப்புச் சத்தம். நாய் குரைத்தது. “பஞ்சநாதண்ணே!” மறுபடியும், “அண்ணே!”

“கட்டில்ல உக்காந்திருக்காரும்மா. மடியில டப்பா. மூடி தொறக்கல.”

“அத வெளிய குடுக்கச் சொல்லுங்க.”

“நான் எப்படித் தொடுறது? கிருமி ஒட்டியிருக்காதா?”

“தொடாம வாங்க வழி பாருங்க, அண்ணே. சீக்கிரம்.”

முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியை எடுத்துவந்து அய்யாவு சன்னலுக்குள் நீட்டினார். “மாட்டுண்ணே. பிடியில மாட்டு. என்னைய இப்படி வெயில்ல நிக்க வைக்காத.”

தொரட்டி சன்னல் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ மண்ணில் விழுந்து உருண்டது.

“வந்துட்டும்மா.”

“நீங்க அங்கயே நில்லுங்க. போகாதீங்க.”

சன்னலுக்குள்ளிருந்து பஞ்சநாதனின் குரல் வந்தது. “அவ இருக்காளா இல்லையா? மூணு நாளா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. அத மட்டும் சொல்லு.”

“எனக்குத் தெரியலைங்கய்யா. இப்பவே கேக்குறேன். எங்கயும் போகாதீங்க.”

ஒரு காதில் அவர் இருமினார். அம்சம் தன் செல்போனில் ஆஸ்பத்திரி வார்டின் எண்ணை அழுத்தி மறு காதில் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள்.

எடுத்துவிட்டார்கள்.