மாமி எனக்குச் சொல்லாதது

ஆசிய, பசிபிக் ஆய்வுகளில் ஆனர்ஸ் பட்டத்தின் இறுதி ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, லண்டனுக்குத் தனியாக வந்துசேர்ந்த ஈழத்துப் பெண்கள். எடுக்கும்போதே மனதில் இருந்தவர் என் மாமிதான், கணவரின் தாய். கைக்குழந்தையோடு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்றார் என்பது மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் இப்ப என்னத்துக்குப் பிள்ளை? குஞ்சுக்குச் சோறு தீத்தியாச்சோ?" என்பார். நான் வகுப்புக்குப் போகும் நாட்களில் என் மகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். வற்புறுத்த எனக்கு வாய் வராது.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியையிடமே ஆய்வு செய்தவள் ஓர் ஆங்கிலேயப் பெண். கல்யாணமாகாதவள், பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். களப்பணிக்கென்று யாழ்ப்பாணம் போய் ஒரு கோடைகாலம் முழுவதும் இருந்துவிட்டு வந்தாள். மகள் பிறந்தபின் எங்கள் வீடு இருக்கும் கோலியர்ஸ் வுட்டைத் தாண்டி நான் போன தூரம் நூலகம் வரைதான். அவளோ நல்ல பெண். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

"வணக்கம் அம்மா. நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றாள் வாசலில்.

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "செய்தி வாசிக்கிற மாதிரியெல்லோ கதைக்கிறா! வாங்கோ மோனை, இருங்கோ."

சாப்பிட்டபின் மகளைத் தூங்கவைக்க மாடிக்குப் போனேன். கீழே மாமியின் குரல் நிற்காமல் கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. நடுவில் ஒரு சிரிப்பு, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். மகளோ தூங்க மறுத்தாள். நான் இறங்கி வந்தபோது மேசையில் அந்தப் பெண்ணின் கைபேசி பதிவு செய்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மாமி பேச்சை நிறுத்தி, "பிள்ளை, தேத்தண்ணி போடுமன்," என்றார்.

போட்டேன். அவளுக்குச் சீனி போட மறந்தேன். மறந்தேனா என்று இப்போதும் நிச்சயமில்லை.

அடுத்த வாரம் அந்தப் பதிவை எனக்கு அனுப்பினாள். மாமி வேகமாகப் பேசியதில் பாதி விளங்கவில்லையாம். எழுதித் தர முடியுமா, விரும்பினால் உன் ஆய்வுக்கும் எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தாள். ஹெட்ஃபோனை மாட்டினேன். கழற்றினேன். சமையலறைக்குப் போனேன்.

"மாமி, நீங்கள் சொன்னதை எழுதித் தரச் சொல்லி அவ எனக்கு அனுப்பியிருக்கிறா. நான் கேக்கலாமோ?"

மாமி வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அவவுக்குச் சொல்லுறது லேசு. கேட்டிட்டுத் தன்ர வீட்டை போயிடுவா. உமக்குச் சொன்னா, நாளைக்குக் காலமை உம்மட முகத்திலையெல்லோ நான் முழிக்கவேணும்?"

"அப்ப நான் கேக்கேல்லை மாமி."

"கோவமோ?"

"இல்லை."

கோபம் இல்லைதான். இருந்தது வேறு. அதை மாமியிடம் எப்படிச் சொல்வது?

வேறு யாரையாவது கேட்கும்படி அவளுக்கு எழுதிவிட்டுப் பதிவை அழித்தேன். மாமியின் கதையை வைத்து அவள் எழுதிய அத்தியாயத்தைப் பேராசிரியை புகழ்ந்தபோது நானும் தலையாட்டினேன். இன்றுவரை அதை நான் படிக்கவில்லை.

என் ஆய்வுக்கும் யாராவது வேண்டுமே. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டுக்குப் போனேன். விமான நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். முன்பின் அறியாத என்னிடம், நான் கேட்பதற்கு முன்பே தான் தனியாக இங்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பதிவை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையில் அவருடைய மருமகள் பாத்திரங்களைச் சற்றுப் பலமாகவே அடுக்கிக்கொண்டிருந்தாள்.