பின் சீட்டுப் பேச்சு

கைத்தடியின் ஒரு முனையைக் கியர் பெட்டிமேல் ஊன்றி, மறுமுனையில் காதை ஒட்டிக் கண்மூடி நிற்கிறார் எர்னஸ்ட் திரெல்ஃபால். வீட்டில் கெண்டி கொதித்தாலும் அதே தடியை வைத்துத்தான் கேட்பார். மனைவி ஹில்டாவுக்குப் பழகிவிட்டது.

மான்செஸ்டரில் பணக்காரர்களுக்குக் கார் செய்கிற தொழிற்சாலையில், எந்தக் கியர் பெட்டியைப் பூட்டுவது என்று தீர்மானிப்பவர் அவர். இம்முறை இரண்டு பெட்டிகள். நான்கு கியர் பெட்டி அவரே இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து வரைந்தது. நாலாவதில் என்ஜின் நிதானமாகச் சுற்ற, கார் பறக்கும். ஆனால் சுமை முழுவதும் பல்சக்கரங்கள் வழியே போவதால் விடாத ஒரு முனகல். மூன்றாவதில் சுழற்சி நேரே போய்விடுகிறது, சத்தமில்லை. அந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டது சக ஊழியர் ஆக்டனின் பெட்டி. திங்கட்கிழமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

"உங்க நாலாவது பாட ஆரம்பிச்சிடுச்சு சார்" என்பார் ஆக்டன்.

"பாடட்டும்யா. உன்னோடது ஊமை."

காசு கொடுப்பவர்கள் பின்னால்தான் உட்காருவார்கள் என்பது திரெல்ஃபாலின் கட்சி. அதனால் ஞாயிற்றுக்கிழமை தம் பெட்டி பூட்டிய காரில் ஹில்டாவையும் மைத்துனி ஃப்ளோரியையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. நட்ஸ்ஃபோர்டு சாலையில் அவர்கள் கிசுகிசுக்கத் தொடங்கியதும் நாலாவதுக்கு மாற்றினார்.

"கறிக்கடை விதவை யாரைக் கட்டிக்கப் போறாளாம்?"

"அவ வீட்டுல குடியிருக்கிறவனை, அக்கா!"

"யாரை?"

"குடியிருக்கிறவனை!" ஃப்ளோரி கத்தியதில் வேலியோரம் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அத்தான், இந்தச் சனியன் வாயை மூட மாட்டேங்குதே! தொண்டையே போச்சு."

திரெல்ஃபாலின் பிடரி சிவந்தது. மூன்றாவதுக்கு இறக்கினார். பின்னால் குரல்களும் இறங்கின.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி" என்றாள் ஹில்டா. "அது அவர் வரைஞ்சது." அந்தக் கிசுகிசுப்பும் முன்னால் தெளிவாகக் கேட்டது.

மேடு ஏறியதும் சாலை ஆளில்லாமல் நேராக நீண்டு கிடந்தது, நாலாவதுக்கென்றே போட்டதுபோல.

"என்னங்க, நீங்க நாலாவதுலயே போங்க" என்றாள் ஹில்டா. "நாங்க வீட்டுல போய்ப் பேசிக்கிறோம்."

அவர் கை கியர் தண்டின்மேல் போய் உட்கார்ந்தது. அதன் பித்தளைக் குமிழைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"நீ அந்த விதவை கதையைச் சொல்லு, ஃப்ளோரி" என்றார். பிறகு அந்தக் கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.